எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா?

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் பர்மாவின் யாங்கோன் நகரத்தில் பல வீடுகளில் நடக்கிற வேலைதான் எங்கள் வீட்டிலும். வட்டக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இந்த ஊரில் முகத்துக்குப் பூசுகிற தனாக்கா மரக் கட்டையைத் தேய்த்து, சந்தனம் போலக் குழைந்து வந்ததும் முகத்தில் பூசிவிடுவேன். சின்னவளுக்கு ஆறு வயது, கன்னத்தில் இலை மாதிரி போட்டால்தான் விடுவாள். நடுவன் மூக்கில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். பெரியவளுக்குப் பதினான்கு. வளர்ந்துவிட்டாள், தானே பூசிக்கொள்வாள் என்று நானே நினைத்துக்கொண்டு கல்லை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் தங்கைக்கு நான் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு நீங்க பூசிவிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமாம்மா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. கல்லில் இருக்கிற தனாக்கா மூன்று பேருக்கும் பொது, யாருக்கும் குறைவு வைத்ததில்லை. ஆனால் அவள் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தது, என் கை அவள் முகத்தில் படுகிற அந்த ஒரு நிமிஷத்தை.

பிள்ளைகள் எல்லாரையும் சமமாக நேசிப்பது என்றால் என்ன என்று புதிதாக அப்பா அம்மா ஆனவர்களும், இரண்டாவது பிள்ளையை எதிர்பார்க்கிறவர்களும் கேட்கும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நம்மில் நிறையப் பேர் சமம் என்றால் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு ஒரே துணியில் மூன்று சட்டை தைப்பது, ஒருத்திக்கு வளையல் வாங்கினால் இன்னொருத்திக்கும் அதே விலையில் வாங்குவது, மாம்பழத்தைக் கோடு போட்டதுபோல வெட்டுவது. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சேந்தலோன் மாம்பழம் வருகிற மாதத்தில் நீங்களே பாருங்கள், நான் ஒழுங்காகத் துண்டு போட்டு மூன்று தட்டில் வைத்தால் நடுவன் அதைத் தொடவே மாட்டான், அவனுக்குக் கொட்டை வேண்டும், முழங்கை வரை வழிய வழிய அதைச் சப்ப வேண்டும். அவனுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு "எல்லாருக்கும் ஒரே அளவுதானே கொடுத்தேன்" என்று நான் சொன்னால் கணக்கு சரிதான், பிள்ளை முகம் மட்டும் சரியாகாது.

ஆறு வயதுக்காரிக்கும் பதினான்கு வயதுக்காரிக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் அதிக நேரம் உட்காரத்தான் செய்வோம். வித்தியாசம் இருந்தே தீரும், அது தப்பும் இல்லை. அந்த வித்தியாசத்துக்குப் பிள்ளை தன் மனதுக்குள் என்ன அர்த்தம் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் அமாண்டா கோவல், லாரி கிராமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளிடமும் அவர்களுடைய மூத்தவர்களிடமும், வீட்டில் உங்களை வித்தியாசமாக நடத்துகிறார்களா, அது நியாயமா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஆமாம், வித்தியாசம் இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்ன இடங்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கில், அது அநியாயம் என்று அவர்கள் சொல்லவில்லை. தம்பி சின்னவன், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அவனுக்குப் படிப்பில் உதவி தேவைப்படுகிறது என்று காரணத்தைப் பிள்ளைகளே எடுத்துச் சொன்னார்கள். காரணம் புரியாத வித்தியாசம்தான் உறவைக் கெடுத்தது.

நம் பேச்சில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை தேவை வேறு, அதைப் பார்த்துச் செய்வது பக்குவம். ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது ஓரவஞ்சனை. வெளியிலிருந்து பார்த்தால் சில சமயம் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், பிள்ளைக்கோ இன்னும் மோசம், காரணத்தை நாம் வாய் திறந்து சொல்லாதவரை அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம், சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று விட்டுவிடக் கூடாது. பிரிட்டனைச் சேர்ந்த ஜூடி டன் என்ற உளவியலாளர் கேம்பிரிட்ஜ் பக்கத்து வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, இரண்டாவது குழந்தை பிறந்தபின் வீட்டில் என்ன நடக்கிறது என்று நாள்கணக்கில் பார்த்து எழுதியவர். அம்மா இன்னொரு பிள்ளையோடு எப்படிப் பேசுகிறாள் என்பதை, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் எவ்வளவு கூர்ந்து கவனிக்கின்றன என்பது அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே பார்வை வந்துவிடுகிறது.

சரி, நம் வீடுகளில் இது எங்கே ஒளிந்திருக்கிறது? நான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், கோடை விடுமுறையில் தினமும் நடக்கும். அங்கே ஒரு சின்னப் பெண் வந்தாள், எட்டு வயது, வீட்டில் தமிழ் கேட்டால் புரியும், வாயில் வருவதெல்லாம் பர்மா பாஷை. எதற்கு வகுப்புக்கு வந்தாய் என்று கேட்டேன். அப்பத்தா அண்ணனுக்கு மட்டும்தான் கதை சொல்வார், எனக்குச் சொல்லமாட்டார், அதனால்தான் வந்தேன் என்று பர்மா பாஷையிலேயே சொன்னாள். அந்த அப்பத்தாவை எனக்குத் தெரியும், யாருக்கும் தீங்கு நினைக்காத மனுஷி. மூத்தவன் பிறந்தபோது அவர் திடமாக இருந்தார், மடியிலேயே வைத்து வளர்த்தார், அவனுக்குத் தமிழ் வந்தது. இவள் பிறந்தபோது அம்மாவும் வேலைக்குப் போய்விட்டாள், பக்கத்து வீட்டில் விட்டு வளர்ந்த பிள்ளை, பாஷை மாறிவிட்டது. இப்போது பாட்டிக்குப் பேச்சுத்துணை பேரன்தான், பேத்தியிடம் "சாப்பிட்டியா, போய்த் தூங்கு" என்பதோடு முடிந்துவிடுகிறது. யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை, ஆனால் அந்த வீட்டில் பாசம் ஒரே பாஷையில் ஓடியது, அந்தப் பாஷை தெரியாத பிள்ளை கரையில் நின்றது.

இது பர்மாவில் இருக்கிற நம் வீடுகளில் நடக்கிற ஒரு விஷயம், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவில் இருக்கிற தமிழர் வீடுகளிலும் வேறு பாஷையோடு இதே கதை இருக்கலாம். பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள், நல்லது. ஆனால் தமிழ் வரட்டும், அப்புறம் பாசம் என்று இரண்டு வருஷம் காத்திருக்க முடியாது. அந்த வீட்டில் நான் சொன்னது சின்ன யோசனைதான். அப்பத்தா சாயங்காலம் பூ கட்டும்போது இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நார் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பெரிய பேச்சு தேவையில்லை. பாட்டியும் இரண்டு சொல் கற்றுக்கொள்ளட்டும். மகளை, பேத்தியை இந்த ஊர்க்காரர்கள் செல்லமாகக் கூப்பிடுகிற "தமீ", சாப்பிட்டாயா என்று கேட்கிற "சா பீ பீ லா" போதும் முதலில். எழுபது வயதில் பாட்டி தனக்காக ஒரு சொல் கற்றுக்கொண்டார் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய செய்தி. பூ கட்டும்போது அப்பத்தா அவளை "தமீ" என்று கூப்பிட்ட அன்றைக்கு, வகுப்புக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

இன்னொரு இடம், பிறந்த நேரம். இதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. 2008 மே 2-ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தபோது என் அண்ணிக்கு வலி எடுத்து, விடிவதற்குள் இரண்டாவது பையன் பிறந்தான். அண்ணனுக்கு அப்போது உளுந்து வியாபாரம். கிடங்கின் தகரக் கூரை பறந்து, அந்த வருஷத்துச் சரக்கு மொத்தமும் நனைந்து முளைவிட்டுவிட்டது. மூட்டை மூட்டையாக அள்ளிக் கொட்டினார்கள். அதிலிருந்து எழுந்து நிற்கப் பல வருஷம் ஆயிற்று. அண்ணன் நல்லவர், கை நீட்டி ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. ஆனால் யார் வந்தாலும், "இவன் பிறந்த ராத்திரியிலதான் எல்லாம் போச்சு" என்று கதை சொல்வார். வீட்டில் பட்டப்பெயரே புயல். மூத்தவன் பிறந்தபோது கடை திறந்தார்கள், அதனால் அவன் ராசிக்காரன். ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று வரவு, ஒன்று செலவு என்று பேச்சுவாக்கில் எழுதியாகிவிட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது என்னிடம் கேட்டான், "அத்தை, நான் அடுத்த நாள் பிறந்திருந்தா உளுந்து நனைஞ்சிருக்காதா?"

பிள்ளை இப்படித்தான் கணக்குப் போடும். நாம் விளையாட்டுக்குச் சொல்கிறோம், அது தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்களில் ஒருத்தியை "என் வெள்ளைக்குட்டி" என்றும் மற்றவளைக் "கறுப்பி" என்றும் கொஞ்சுகிற வீடு எத்தனை பார்த்திருக்கிறோம். கொஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் இருக்கிற ஊரை யோசியுங்கள். தெருவில் இந்திய வம்சாவளிக்காரர்களை "கலா" என்று ஏளனமாகக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை வீட்டுக்குள் வந்தும் தன் தோலைப் பற்றியே கேட்கிறது, அதுவும் தங்கையோடு ஒப்பிட்டு. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், இதில் நடுவழி எதுவும் இல்லை.

சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மேல் கூடுதல் பிரியம் வருவது எல்லா ஊரிலும் உண்டு. 2025-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்து அலெக்சாண்டர் ஜென்சனும் அவருடைய சக ஆய்வாளரும் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டதில், பெற்றோர் கொஞ்சம் மகள்கள் பக்கமும், பொறுப்பாகவும் இணக்கமாகவும் இருக்கிற பிள்ளைகள் பக்கமும் சாய்கிறார்கள் என்று வந்தது. மகள்கள் பக்கமா என்று நம் பாட்டிமார் ஆச்சரியப்படலாம், அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் எடுத்தவை. இணக்கமான பிள்ளை விஷயம் மட்டும் அப்படியே நமக்கும் பொருந்தும். எளிதான பிள்ளையோடு நேரம் இனிமையாகப் போகிறது, அதனால் அங்கேயே இருந்துவிடுகிறோம். முரட்டுப் பிள்ளைக்கு நம்மிடமிருந்து கிடைப்பது அதட்டல் மட்டும் ஆகிவிடுகிறது, அதுவும் அதட்டல் வாங்குவதற்காகவாவது நம் பக்கம் வருகிறது.

பங்கு போட முடியாத பொருள் வரும்போதுதான் உண்மையான சோதனை. இங்கே 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரை உள்ள ஆண்பிள்ளைகளை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தவித்த வீடுகளை நம் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு, பதினெட்டிலிருந்து இருபத்தேழு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மாவின் நகை மொத்தத்தையும் அடகு வைத்து அண்ணனைத் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். அதில் தங்கையின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த சங்கிலியும் போயிற்று. அந்த அம்மா செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடகுக்கடைக்குப் போவதற்கு முந்தின நாள் மகளைத் தனியாக உட்கார வைத்து, நகைகளைத் துணியில் பரப்பி, இது உன் பங்கு, இதையும் எடுக்கிறேன், இதனால்தான் எடுக்கிறேன், உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று சொன்னார். மகள் அழுதாள், ஆனால் அண்ணன் மேல் ஒரு வருத்தமும் வைக்கவில்லை. இதையே அவளுக்குத் தெரியாமல் செய்து, பெட்டியைத் திறந்து பார்த்து அவளாகத் தெரிந்துகொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன நகை அதே நகைதான்.

செட்டியார்கள் இந்த நாட்டில் ஊர் ஊராகத் தண்டாயுதபாணி கோயில் கட்டி வைத்தார்கள். கோவணத்தோடு நிற்கிற அந்தப் பிள்ளை, பழம் அண்ணனுக்குப் போய்விட்டது என்று வீட்டைவிட்டு வந்த பிள்ளை. வகுப்பில் கதை சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்வி, பழத்தை ஏன் பாதியாக வெட்டவில்லை? வெட்டக்கூடாத பழம் என்று சொல்வேன். ஆனால் பெரியவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிற இடம் அதற்கு அடுத்தது. கோபித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடி அப்பாவும் அம்மாவும் மலைக்கு வந்தார்கள். அவனாக வரட்டும் என்று கைலாயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. வந்து, பழம் நீ என்றார்கள்.

அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்களோடு தனியாக ஒரு நேரம் வேண்டும், நீளமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது தன்னுடையது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நடுவனை நான் வாரத்தில் ஒரு நாள் காலையில் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்க அழைத்துப் போகிறேன், போக வர இருபது நிமிஷம், போன் எடுத்துப் போவதில்லை, அவன் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவான். பெரியவளுக்கு மறுபடியும் தனாக்கா பூசிவிட ஆரம்பித்தேன், தினமும் இல்லை, அவள் கேட்கிற நாளில். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் "நீதானே பெரியவ, விட்டுக்கொடு" என்று உடனே முடித்துவிடாதீர்கள். பெரியது என்பதற்காகவே தோற்கிற பிள்ளை ரொம்ப நாள் தோற்றுக்கொண்டே இருக்காது. இருவர் சொல்வதையும் கேளுங்கள், தீர்ப்பு சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

"எங்க மூணு பேர்ல யாரை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்பார்கள், கேட்காத பிள்ளை இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரிதான் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் திருப்தியில்லை, ஏனென்றால் அந்தப் பதிலில் அவர்கள் யாருமே இல்லை. இப்போது கேட்டவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்னவள் கேட்டால், திஞ்ஜான் புத்தாண்டுத் திருவிழாவில் தண்ணீர் ஊற்றும்போது வயதானவர்கள் மேல் மட்டும் மெதுவாகக் கொஞ்சமாக ஊற்றினாயே, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அந்த மாதிரி பிள்ளை எனக்கு நீ ஒருத்திதான் என்பேன். அவள் அதோடு போய்விடுகிறாள், மற்றவர்களைப் பற்றிக் கேட்பதில்லை.

இது சின்ன வயதோடு முடிகிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் கார்ல் பிலெமர், ஜில் சூட்டர் குழுவினர் வயதான தாய்மார்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளையும் வைத்து நீண்ட காலமாக ஆய்வு செய்கிறார்கள். தாய்க்கு ஒரு பிள்ளை மேல் மட்டும் கூடுதல் பிரியம் என்ற எண்ணம் நடுவயதுப் பிள்ளைகளிடம்கூட மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது என்று 2010-இல் எழுதினார்கள், ஒதுக்கப்பட்டதாக நினைக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, செல்லப்பிள்ளைக்கும்தான். கூடப்பிறந்தவர்களின் முகத்தைச் செல்லப்பிள்ளையும் பார்த்துக்கொண்டுதானே வாழ வேண்டும். ஆனால் எந்த வயதிலும் நீண்டுகொண்டிருக்கிற விஷயம் என்றால், எந்த வயதிலும் போய்ச் சரி செய்யலாம் என்றும் அர்த்தம்.

உளுந்து பற்றி அந்தப் பையன் கேட்டதை நான் அண்ணனிடம் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அடுத்த பிறந்தநாளில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த ராத்திரிக் கதையை மறுபடியும் ஆரம்பித்தார். எனக்குத் திக்கென்றது. இந்தத் தடவை கிடங்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரண்ட் இல்லாமல் வீடு இருட்டிக் கிடந்தது, தெருவில் மரங்கள் விழுந்து வண்டி எதுவும் வர முடியவில்லை, மூன்று வீடு தள்ளி இருந்த பர்மாக்கார மருத்துவச்சி அம்மா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்தார், நான்தான் டார்ச் பிடித்தேன், கை நடுங்கியது, உன் தலை தெரிந்ததும் அந்த அம்மா என்னைத் திட்டினார், வெளிச்சத்தை நேராகப் பிடி என்று, உன்னை முதன்முதலில் பார்த்தது அந்த டார்ச் வெளிச்சத்தில்தான், என்றார்.

பையன் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம், "அந்த டார்ச் இன்னும் இருக்காப்பா?" என்றான். அண்ணன் எழுந்து போய் மரப்பெட்டியைக் குடைய ஆரம்பித்தார்.